பஸ் வராத சுவர்

உலகச் சுவரோவிய வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்தே படிக்க வேண்டும்: பூநகரி வீதியில் உள்ள அந்த பஸ் தரிப்பிடத்துக்கு முன், அதற்குப் பின். மேலை நாட்டு இளைஞர்கள் ஓடுகிற ரயில்களில் எழுதி இந்தக் கலையைத் தொடக்கினார்கள். இங்கே எழுதுவதற்கு ஓடுகிற வாகனம் எதுவும் கிடைக்காததால், அது நேராகச் சுவரிலேயே தொடங்கியது.

தொடக்கி வைத்தவன் ஜெயந்தன். புவியியல் பட்டதாரி, ஆகவே நெல் விதைக்கிறான். காலை ஆறரை பஸ் ஒருநாள் வராமல் விட்டது. மறுநாளும் வரவில்லை. உரிய இடத்துக்கு நான்கு கடிதம் போட்டான். நான்குக்கும் ‘கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. பஸ்ஸை விடப் பதில் ஒழுங்காக வந்தது. அவன் பேனையை வைத்துவிட்டுக் கரிக்கட்டியை எடுத்தான். பஸ் வராத ஒவ்வொரு காலைக்கும் தரிப்பிடச் சுவரில் ஒரு கோடு.

இருநூற்றுப் பதினோரு கோடுகள் ஆனபோது, ‘எழில்மிகு வீதி’ திட்டத்தின் பிக்கப் வந்து நின்றது. கலாசார உத்தியோகத்தர் ராஜினி இறங்கினார். பின்னால் கொழும்பில் இருந்து வரவழைக்கப்பட்ட கலை ஆலோசகர் கோகுலன். அவருக்குப் பின்னால் வெள்ளைப் பெயின்ற் வாளி. பழைய கிறுக்கல்களை அழித்துவிட்டு மயில் கீறுவதாகத் திட்டம்.

கோகுலன் சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

“இதைக் கீறினது ஆர்?”

“நான்தான்,” என்றான் ஜெயந்தன். தண்டம் எழுதப் போகிறார்கள் என்று நினைத்தான்.

“இதின்ரை கருப்பொருள் என்ன?”

“பஸ் வரேல்லை.”

“கேட்டியளா மிஸ்? ரெண்டே சொல்லு!” கோகுலனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. “நடுவிலை இந்தக் கோடு மட்டும் ஏன் இவ்வளவு தடிப்பு?”

“அண்டைக்குக் கொஞ்சம் அழுத்திக் கீறிப்போட்டன்.”

“ஏன்?”

“அண்டைக்கும் பஸ் வரேல்லை.”

அன்று அவனுடைய மனைவி தர்மிளாவுக்கு எட்டாம் மாதத்தில் வலி எடுத்தது. ஊரின் ஒரே ஓட்டோ பழுதாகிக் கிடந்தது. இருவரும் இந்தச் சுவரடியில் ஒன்றரை மணித்தியாலம் நின்றார்கள். பிறகு அவளை ஒரு லான்ட்மாஸ்டர் உழவு யந்திரத்தின் பெட்டியில் ஏற்றினான். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளும் இல்லை, பிள்ளையும் இல்லை. கலை விமர்சனத்துக்குத் தேவையில்லாத தகவல் என்பதால் இதை அவன் சொல்லவில்லை.

வெள்ளைப் பெயின்ற் திரும்பிப் போனது. சுவரைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. ‘சாய வேண்டாம்’ என்று பலகை வந்தது. படத்துக்கு இடைஞ்சலாக இருந்த, பயணிகள் குந்தும் வாங்கை அகற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வான் பிடித்து வந்த ஒரு சோடி, தடித்த கோட்டுக்கு முன்னால் நின்று கலியாண அல்பத்துக்குப் படம் எடுத்தது. ஊருக்கு எல்லா வாகனமும் வந்தது, பஸ்ஸைத் தவிர.

பக்கத்து வீட்டுக் கௌசலாவுக்கு இப்போது ஏழு மாதம். கிளினிக் கிளிநொச்சியில்.

“உங்கடை சுவர் பேர் எடுத்திட்டுது, அண்ணை. இனியாவது பஸ் விடுவினமோ?” என்றாள்.

அதைக் கேட்கத்தான் ஜெயந்தன், சுவரைப் பற்றி அதிகாரிகள் கூட்டிய கூட்டத்துக்குப் போனான்.

“பஸ் ஆயத்தமாய் நிக்குது,” என்றார் போக்குவரத்து அதிகாரி. “ஆனா விட்டால் கோடு நிண்டுபோம்.”

“நிக்கத்தானே வேணும்?”

“இது வளருற படைப்பு, தம்பி,” என்றார் ராஜினி கனிவாக. “இடையிலை முறிக்கேலாது.”

“அப்ப நான் அழிச்சு விடுறன்.”

“அழிச்சால் வழக்கு. அது இப்ப மரபுரிமைச் சொத்து.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: படைப்பு நிறைவு பெறும் வரை பஸ் விடுவதில்லை. பஸ் விடும் வரை படைப்பு நிறைவு பெறாது என்பதும் குறித்துக்கொள்ளப்பட்டது. தேநீரும் வடையும் வழங்கப்பட்டன.

சுவரின் திறப்பு விழா காலை ஆறரைக்கு. அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சியில் இருந்து ஒரு பஸ் வந்தது. ஒரு நிமிடம் பிந்தவில்லை. கௌசலா கிளினிக் கொப்பியோடு படியில் ஏறினாள்.

“இறங்குங்கோ பிள்ளை,” என்றார் சாரதி. “இது பஸ் இல்லை. விழா வாகனம்.”

கோகுலன் கரிக்கட்டியைப் பட்டுத் துணியில் வைத்து நீட்டினார். “இண்டையக் கோட்டை எல்லாருக்கும் முன்னாலை கீறுங்கோ.”

“இண்டைக்குப் பஸ் வந்திட்டுதே, சேர்.”

சபை கலங்கியது. ராஜினி ஓடிப்போய்ச் சாரதியோடு கதைத்தார். பஸ் வெறுமையாகப் பின்னுக்குப் போய், வளைவுக்கு அப்பால் பனைகளுக்குள் மறைந்தது.

“இப்ப வரேல்லைத்தானே? கீறுங்கோ.”

ஜெயந்தன் கீறினான். இருக்க வாங்கு இல்லாததால் கௌசலா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கீழை உங்கடை கையெழுத்தைப் போடுங்கோ,” என்றார் கோகுலன்.

“அது நியாயமில்லை, சேர்,” என்றான் ஜெயந்தன். “நான் கோடு மட்டும்தான் கீறினனான். பஸ் வராமல் இருக்க இவ்வளவு நாளும் பாடுபட்டது இவையள் எல்லாரும். இவையளும் போட வேணும்.” அவன் தடித்த கோட்டைக் காட்டினான். “இதுக்குக் கீழை. இதிலைதான் இவையின்ரை பங்கு கூட.”

கலைஞனின் தன்னடக்கத்துக்குக் கைதட்டல் எழுந்தது. போக்குவரத்து அதிகாரி முதல் ஆளாகப் போட்டார். இடம் போதாமல் நெருக்கியடித்து, வந்திருந்த அதிகாரிகள் ஏழு பேரும் போட்டார்கள்: பெயர், பதவி, திகதி. ராஜினி அலுவலக முத்திரையையும் குத்தினார்.

இரண்டு சாவுக்கு ஏழு அதிகாரிகள் தாமாகவே முன்வந்து ஒப்பமிட்டதை இந்த ஊர் இதற்கு முன் கண்டதில்லை. எல்லாப் புகழும் கலைக்கே. இனி அழிக்கவும் ஏலாது. அழித்தால் வழக்கு.