சுவருக்கு ஒரு கோப்பை

மனிதகுலம் கட்டிய அற்புதங்களை வரிசைப்படுத்தும் அறிஞர்கள் சோவியத் ஜார்ஜியாவின் தலைநகரான திபிலீசியின் வடகோடிக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்பது தெளிவு. வந்திருந்தால் பிரமிடுகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, நான்காம் குறுவட்டாரம் என்னும் அடுக்குமாடிப் பேட்டையின் பதினேழாம் எண் வீட்டை எழுதியிருப்பார்கள். பிரமிடு ஒன்றுக்கு இருபது வருடம் பிடித்ததாம். பதினேழாம் எண் வீட்டின் ஒன்பது தளங்களும் நாற்பத்தொன்றே நாளில் எழுந்து நின்றன. எழுபத்தெட்டாம் வருடம் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி பிற்பகலில், கட்டடத்தைச் சோதித்து ஏற்கும் குழு வந்தது. கதவுகள் இல்லாததைக் காற்றோட்டம் என்றும், தண்ணீர் வராததைச் சிக்கனம் என்றும் குறித்துக்கொண்டு, 'மிக நன்று' என்று மதிப்பெண் போட்டது. ஆண்டுத் திட்டம் நிறைவேறியது. குழுவினர் புத்தாண்டு கொண்டாட வீட்டுக்குப் போனார்கள். தங்கள் வீட்டுக்கு, அதாவது ஊர் நடுவில் இருந்த பழைய கல் வீடுகளுக்கு.

இந்தச் சாதனைக்குப் பின்னால் நின்றவர் ஷல்வா. கான்கிரீட் சுவர்ப் பலகைகளை வார்க்கும் தொழிற்சாலையில் தரக் கண்காணிப்பாளர். ஒவ்வொரு பலகையிலும் 'தரமானது' என்று நீல மையில் முத்திரை குத்துவது அவர் வேலை. பலகைக்கு இத்தனை மூட்டை சிமென்ட் என்று விதி இருந்தது. அதில் ஒரு மூட்டை மட்டும் பின்வாசல் வழியாகப் பொதுநலனுக்குப் போய்விடும். அந்த இடத்தை மணல் பெருந்தன்மையோடு நிரப்பியது. ஷல்வா நேர்மையானவர். ஒரு பிடி சிமென்டைக்கூட அவர் தொட்டதில்லை. முத்திரையை மட்டுமே தொட்டார்.

நேர்மைக்குப் பரிசு உண்டு. தொழிற்சாலை அவருக்கு இரண்டு அறை வீடு ஒதுக்கியது. உத்தரவைப் பிரித்து 'பதினேழாம் எண்' என்று படித்ததும் ஷல்வாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனந்த அதிர்ச்சி என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

அதன்பின் பதினோரு வருடம் அவர் முதல் மாடியில் குடியிருந்தார். சுவரில் விழுந்த கீறல்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதி வைத்தார். மேலே யாராவது பியானோ வாங்கினால் அவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. மற்றபடி நிம்மதியான வாழ்க்கைதான்.

அந்த நிம்மதியை எண்பத்தொன்பதாம் வருடம் அரசாங்கம் கலைத்தது. வீட்டுப் பற்றாக்குறையை ஒழிக்க ஒரு மகத்தான வழி கண்டுபிடித்திருந்தார்கள். இனிமேல் வீடு கட்டித் தருவதில்லை. மக்களே தங்கள் வீட்டுக்கு வெளியே, அந்தரத்தில், ஓர் அறை கட்டிக்கொள்ளலாம். தரையிலிருந்து இரும்புத் தூண்களை எழுப்பி, அவற்றை வீட்டுச் சுவரோடு கொக்கி போட்டுப் பற்றவைத்து, தளம் தளமாகக் கூண்டு ஏற்றினால் போதும். 'வீட்டு விரிவாக்கம்' என்று பெயர். வட்டாரமே இரும்புக்கு அலைந்தது. பதினாறாம் எண் வீட்டில் கூண்டு நான்கு தளம் ஏறிவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்கப் பதினேழாம் எண்காரர்களுக்கு வயிறு எரிந்தது.

இதில் ஒரு சிக்கல். கீழ்த்தளத்துக்காரர் ஒப்புக்கொள்ளாமல் மேல்தளத்துக்காரர் கட்ட முடியாது. ஒருவர் மாட்டேன் என்றால் அவருக்கு மேலே உள்ள எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தரைத்தளத்து நோதார், கார் மெக்கானிக், முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாம் மாடி முதல் எட்டாம் மாடி வரை எல்லோரும் போட்டார்கள். மிச்சம் ஷல்வா.

விரிவாக்கக் குழுவின் தலைவர் ஐந்தாம் மாடிக் குராம். டிராலிபஸ் பணிமனையில் அதிகாரி. மனைவி, மாமியார், புதிதாகக் கல்யாணமான மகள், வீட்டோடு வந்த மாப்பிள்ளை என்று இரண்டு அறையில் ஐந்து பேர். குராம் சமையலறையில், குளிர்பெட்டியின் கதவில் தலை முட்டிக்கொள்ளத் தூங்குகிறவர். அவர் மூன்றாம் மாடிச் சியாலாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஷல்வாவின் கதவைத் தட்டினார். சியாலா மருந்துக்கடைக்காரி. அவள் வாய்க்குப் பயந்தே நோய்கள் குணமாகும் என்று பேச்சு.

"ஷல்வா அண்ணே, ஒரு கையெழுத்து. திங்கக்கிழமை வெல்டர் வர்றான். அப்புறம் அவனைப் பிடிக்க முடியாது."

"வெளிச்சம் போயிடுமே குராம்," என்றார் ஷல்வா.

"எந்த வெளிச்சம்?" என்றாள் சியாலா. "உங்க ஜன்னலுக்கு நேரா குப்பைத்தொட்டிதானே இருக்கு?"

"அதைப் பார்த்துப் பழகிட்டேன்மா."

"குப்பைத்தொட்டிக்காக ஒரு கல்யாணமான பொண்ணு வாழ்க்கைய அழிக்கிறீங்க. நல்லா இருங்க!"

அவர்கள் போனபின் ஷல்வாவின் மனைவி எத்தேரி கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். வீட்டில் அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"பேசாம கையெழுத்துப் போட்டுடுங்களேன். பதினோரு வருஷமா நிக்கிற சுவர் ஒரு கூண்டுக்கா விழும்?"

"ஒரு கூண்டு இல்லடி. ஒம்பது கூண்டு. கொக்கிய அந்தப் பலகையிலதான் மாட்டுவாங்க. இழுத்துக்கிட்டு முன்பக்கம் மொத்தமும் வந்துடும்."

"அப்போ உண்மையச் சொல்லிடுங்க."

"சொன்னா என்னைப் பிடிச்சு உள்ள போடுவாங்க."

"உள்ள எத்தனை அறை தர்றாங்களாம்?" என்று கேட்டுவிட்டு எத்தேரி வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, வெங்காயம் தீர்ந்த பிறகும், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மனு, கெஞ்சல், திட்டு மூன்றும் தோற்றால் ஜார்ஜியர்களிடம் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு: விருந்து. சனிக்கிழமை மதியம் குராம் ஷல்வாவுக்கு விருந்து வைத்தார். இரண்டு அறைகளையும் நடைவழியையும் இணைத்து ஒரே மேஜை. பாலாடைக்கட்டி ரொட்டி, அக்ரூட் பருப்புச் சாற்றில் ஊறிய கோழி, இரண்டு பெரிய ஜாடி நிறைய திராட்சை மது. பதினேழாம் எண் வீட்டிலிருந்து இருபத்தியாறு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஷல்வா அவர்களுடைய எடையை மனதுக்குள் கூட்டினார். பீப்பாய் உடம்போடு நோதார் நுழைந்ததும் கூட்டுவதை விட்டுவிட்டார்.

எதற்காகக் குடிக்கிறோம் என்று கோப்பை உயர்த்திப் பேசும் தலைவர் குராம்தான். முதல் கோப்பை அமைதிக்கு. அடுத்தது இறந்தவர்களுக்கு. அப்புறம் ஷல்வாவின் தகப்பனாருக்கு, தாயாருக்கு, தாயாரைப் பெற்றவர்களுக்கு. ஆறாவது கோப்பை ஷல்வாவின் நேர்மைக்கு.

"தொழிற்சாலையில வேலை பார்த்தும் ஒரு ஆணியக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன்!" என்றார் குராம். "இப்படி ஒரு ஆள் நம்ம தெருவுல இருக்காருன்னு சொன்னா வெளியூர்ல எவன் நம்புவான்?"

எல்லோரும் எழுந்து நின்று குடித்தார்கள். ஷல்வா கோழித் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்.

குராம் ஏழாவது கோப்பையை எடுத்தார். "மனுஷங்களுக்கு எல்லாம் குடிச்சாச்சு. ஆனா பதினோரு வருஷமா, மழையிலயும் பனியிலயும், வாயைத் திறக்காம நம்மளைத் தாங்கிட்டு நிக்குதே, அதுக்கு என்னிக்காவது குடிச்சோமா? நம்ம வீட்டுச் சுவருக்கு! அதுல முத்திரை வெச்ச கைக்கு! அலவெர்தி, ஷல்வா அண்ணே!"

'அலவெர்தி' என்று ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டால், அவர் எழுந்து அதே விஷயத்தைப் பேசி முடித்துத்தான் குடிக்க வேண்டும். மறுக்க முடியாது. தாளில் பொய் எழுதாத ஆளை நான்காம் குறுவட்டாரத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு பொய் சொன்னவனும் அங்கே கிடையாது.

ஷல்வா எழுந்தார்.

"இந்தச் சுவருக்குக் குடிக்கிறேன்," என்றார். "பாவம் அது. அது பாதி மணல். இவ்வளவு நாள் அது நின்னதே நம்ம மேல உள்ள பிரியத்துலதான். அதுல எதையும் மாட்டாதீங்க. பலகைக்கு ஒரு மூட்டை சிமென்ட் குறைஞ்சுது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குத்தினேன். இருநூத்தி எம்பத்தெட்டுப் பலகை, எல்லாத்துலயும் என் முத்திரை. என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. கூண்டு மட்டும் வேண்டாம்."

அடிவரை குடித்துவிட்டு அப்படியே நின்றார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவருக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அழுகையும் வந்தது.

சியாலாதான் முதலில் வாய் திறந்தாள். "அந்தச் சிமென்ட் எங்க போச்சு? எந்தக் களவாணிப் பய தின்னான்?"

"பின்வாசல்ல பாதி விலைக்கு வித்தாங்கம்மா. எழுபத்தெட்டு இலையுதிர் காலம் பூரா. ஒரு பச்சை லாரி வரும்."

நோதார் மெல்லுவதை நிறுத்தினார். "பச்சை லாரியா? ஓட்டுறவனுக்கு மாறுகண்ணா?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

நோதார் மது ஜாடியைப் பார்த்தார். அந்த மது அவருடைய கிராமத்து நிலவறையில் ஊறியது. அறை எழுபத்தெட்டில் கட்டியது. "கல்லு மாதிரி இருக்கு," என்றார் கடைசியில், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல.

"எங்கப்பா கல்லறை," என்றாள் சியாலா. அதற்கு மேல் அவள் பேசாததை அந்த வீடு முதல் முறையாகப் பார்த்தது.

எட்டாம் மாடிக்காரருக்கு ஒரு நீச்சல் தொட்டி. நான்காம் மாடிக்காரருக்கு ஒரு பன்றிக் கொட்டகை. குராம் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். "எங்க ஊர்ல, கஹேத்தியில என் வீடு... ரெண்டு மாடி. எழுபது மூட்டை. நிலம் நடுங்கினப்போ ஒரு கீறல் விழல. அதைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பெருமை அடிச்சேனே!"

மாப்பிள்ளை வயதில் சின்னவன், நம்பிக்கை உள்ளவன். "அரசாங்கத்துகிட்ட சொல்லிடலாமே மாமா. காலி பண்ணிட்டு வேற வீடு தருவாங்க."

"எங்க தருவாங்க?"

"இருபத்தினாலாம் எண்ல காலி இருக்காமே."

"அதுவும் நான்தான் தம்பி," என்றார் ஷல்வா.

"ஆறாம் குறுவட்டாரம்?"

"அதுவும்."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா கட்டுறாங்களே?"

"அந்தப் பக்கம் போயிடாதே. அங்க பலகைக்கு ரெண்டு மூட்டை குறையுது."

அந்த மேஜையில் யாரும் ஷல்வாவைத் திட்டவில்லை. ஒருவராவது திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. குராம் எழுந்துவந்து அவரைக் கட்டிக்கொண்டார். சியாலா அவர் தட்டில் இன்னொரு துண்டு கோழி வைத்தாள். குற்றத்தை இருபத்தியாறு பேர் பங்கு போட்டதில் ஆளுக்கு அரைக் கரண்டிகூடத் தேறவில்லை. அது சமத்துவத்தின் வெற்றி.

திங்கள் காலை வந்த வெல்டரிடம் குழு தன் ஏகமனதான தீர்மானத்தை நீட்டியது: 'குறுவட்டாரத்தின் தனித்தன்மை வாய்ந்த கட்டடக்கலை அழகைப் பேணும் பொருட்டு, பதினேழாம் எண் வீட்டு மக்கள் விரிவாக்க உரிமையைத் தாமாகவே துறக்கிறார்கள்.' மகளும் மாப்பிள்ளையும் கஹேத்திக்குக் குடிபோனார்கள். அங்கே சுவர் உறுதி என்பதற்குக் குராமே சாட்சி. அவருக்குச் சமையலறையிலிருந்து விடுதலை கிடைத்தது. ஆனால் நடு அறையில் படுத்தால் தூக்கம் வருவதில்லை. தலைக்கு மேலே மூன்று தளம் இருப்பது இப்போது அவருக்குத் தெரியும்.

மறு வருடம் இளவேனிலில் வட்டாரம் முழுவதும் வீடுகள் இரும்புக் கூண்டுகளை மாட்டிக்கொண்டு எப்படியோ நின்றன. பதினேழாம் எண் மட்டும் பிறந்த மேனிக்கு நின்றது. மாவட்டக் குழுவின் துணைத் தலைவர் காரில் போகும்போது அதைக் கண்டு உருகிப்போனார். பத்து நாளில் பன்னிரண்டு கிலோ எடையில் வெண்கலப் பலகை ஒன்றோடு வந்து இறங்கினார். 'முன்மாதிரி வீடு' என்று அதில் பொறித்திருந்தது. கூடவே துளைக் கருவியோடு ஒரு தொழிலாளி.

"சுயநலம் தலைவிரித்தாடும் இக்காலத்தில்," என்று துணைத் தலைவர் முழங்கினார், "இந்தச் சுவரைத் தங்கள் உயிரினும் மேலாகக் கருதும் மக்களைக் காண்கிறேன்!"

தொழிலாளி துளைக் கருவியைச் சுவரில் வைத்தான்.

ஒன்பது தளத்திலும் ஜன்னல்கள் திறந்தன. "நிறுத்துடா!" என்று சியாலா போட்ட கூச்சலில் புறாக்கள் கலைந்தன. நோதார் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். குராம் மூச்சிரைக்க ஓடிவந்து, "ஐயா, இவ்வளவு அழகான சுவர்ல ஓட்டை போடலாமா? எங்க மனசு தாங்குமா?" என்றார்.

துணைத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படியென்றால் எங்கே மாட்டுவது?"

வாசலுக்கு எதிரே ஒரு முசுக்கொட்டை மரம் நின்றது. எந்தத் திட்டத்திலும் இல்லாமல் தானாக முளைத்தது. பலகையைக் கம்பியால் அதில் கட்டினார்கள். துணைத் தலைவர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். 'விருதுப் பலகை உறுதியாகப் பொருத்தப்பட்டது' என்று யாராவது பொறுப்பானவர் சான்று தர வேண்டும். வீடே ஷல்வாவைப் பார்த்தது.

ஷல்வா பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார். மரத்தை முஷ்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பலகையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தார். காலைத் தூக்கிக்கொண்டு முழு எடையும் போட்டுத் தொங்கினார். எண்பத்தேழு கிலோ. மரம் அசையவில்லை. இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, 'தரமானது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நான்காம் குறுவட்டாரத்தில் சோதித்துப் பார்த்தபின் சான்று பெற்றது இன்றுவரை அந்த ஒரு மரம்தான். சோதிக்காமல் சான்று பெற்ற மற்றவற்றில் நாற்பதாயிரம் பேர் குடியிருக்கிறார்கள்.