செருப்பு அலமாரியில் மாமா

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம், உங்கள் அண்ணனைத் தவிர. நாம் உட்கார்ந்திருக்கும்போதே ஃபேனை அணைக்கும் அந்த மனிதர் நேற்றிலிருந்து ஒரு ஸ்விட்சையும் தொடவில்லை. அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

மாமாவின் குரல் இருப்பது இந்த ஒரு வீடியோ கேசட்டில்தான் என்று துணியில் சுற்றிக் கொடுத்தீர்களே, அதற்காகவே பாகங்களை வாங்கி இரண்டு கம்ப்யூட்டர்களை நானே பொருத்தினேன். ஒன்று டிவிக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் இருந்து படம் காட்டும். மற்றது நான்கு ஹார்ட் டிஸ்க்குகளோடு செருப்பு அலமாரிக்குள் இரைந்துகொண்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கும். "ஒரு டிவிக்கு எதுக்கும்மா ரெண்டு?" என்றார் அப்பா. "அடுப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையிலயா வைப்போம்? சத்தமும் சூடும் அங்கேயே இருக்கட்டும்பா" என்றேன். ஒப்புக்கொண்டார். ஆனால் அது இரவும் பகலும் ஓட வேண்டும் என்றதும் முகம் சுண்டிவிட்டது.

கேசட்டை ஓடவிட்டுப் பிரதி எடுத்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட மறுபடி போட்டால், பழைய பிளேயர் நாடாவை மென்று துப்பிவிட்டது. கோபிக்காதீர்கள் அத்தை. இனி மாமா இருப்பது செருப்பு அலமாரியில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டே நான் குளிக்கப் போக, அம்மாவும் வெளியே போயிருந்ததால் கடைக்குப் புறப்பட்ட அப்பா வீட்டில் யாருமில்லை என்று எண்ணி மெயின் ஸ்விட்சையே இறக்கிவிட்டுப் போக, தலையில் சோப்போடு நான் இருட்டில் தடவித் தடவி வந்து மறுபடி ஏற்ற, நான்கு டிஸ்க்குகளில் ஒன்று எழுந்திருக்கவே இல்லை.

திரும்பி வந்த அப்பா நான் சொன்னதைக் கேட்டு, பையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றார். "மாப்பிள்ளை போயிட்டாரா?"

"இல்லப்பா. ஒண்ணு போனாலும் அதுல இருந்ததை மிச்ச மூணும் சேர்ந்து சொல்லிடும்."

"அதெப்படிம்மா?"

"ஒவ்வொண்ணும் மத்ததைப் பத்திக் கொஞ்சம் ஞாபகம் வெச்சிருக்கும்."

இதன் கணக்கு எனக்குத் தெரியும். ஆனாலும் புது டிஸ்க்கைச் செருகியதும் பச்சை விளக்குகள் சிமிட்டத் தொடங்கின பாருங்கள், தெரிந்த கணக்கெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மூன்று பேர் கூடி, இல்லாத ஒருவரைப் பற்றிப் புதிதாய் வந்தவரிடம் சொல்வதைப் போலிருந்தது. செருப்புகளை ஒதுக்கிவிட்டு அப்பாவும் நானும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். அம்மா டீயை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள்.

நேற்று படம் போட்டேன். டிவி நிறைய நீங்கள், கல்யாணமான புதிது. கேமராவுக்குப் பின்னாலிருந்து மாமா, "இங்க பாரு, கொஞ்சம் சிரி" என்கிறார். அப்போது கறுத்த மீசையோடு அப்பா உள்ளே வருகிறார். "சும்மா எதுக்கு இவ்வளவு லைட்டு?" அணைத்துவிட்டுப் போகிறார். அதற்குமேல் கேசட் முழுக்க இருட்டு. அந்த இருட்டில் மாமா சிரிக்கிறார்: "மச்சான், நாங்க உள்ளதான் இருக்கோம்!" நீங்களும் சிரிக்கிறீர்கள். வெறும் கறுப்புத் திரையை நாங்கள் மூவரும் கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தோம்.

இனி இந்த வீட்டில் அந்த அலமாரியின் ஸ்விட்சை யாரும் தொட மாட்டார்கள், கவலையை விடுங்கள். சீக்கிரம் வாருங்கள், சேர்ந்து கேட்கலாம். பெரியவர்களின் அன்பும் என் வணக்கமும்.

உங்கள் மருமகள்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அலமாரியில் இரைச்சல் நின்றுவிட்டது. அயர்ன் பாக்ஸ் போட அம்மா பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். நான்கு டிஸ்க்கும் எழுந்துவிட்டன, பயப்படாதீர்கள். அப்பா போடும் சத்தம்தான் தெருவரை கேட்கிறது: "உள்ள ஆள் இருக்காங்கன்னு தெரியாதா உனக்கு?"