கிளட்ச் இல்லாத வண்டி

வேங்கிக்கால்,
8.6.2004

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மாறன் அவர்களுக்கு மாமனார் கோதண்டராமன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். என் வலது முழங்கை மட்டும் அவ்வளவு சௌக்கியமில்லை. அங்கு நீங்களும் சிந்துஜாவும் நலமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன். போனில் சொன்னால் சிந்துஜா சிரிப்பாள். அதனால்தான் கடிதம். நீங்களும் சிரிக்காமல் படிக்க வேண்டும்.

விஷயம், நீங்கள் வாங்கி அனுப்பிய ஸ்கூட்டர். வட்ட விளக்கு, உப்பிய பக்கங்கள், மோர் நிறம் என்று பார்க்க அந்தக் காலத்து வண்டி போலவே இருக்கிறது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் மாப்பிள்ளை, நான் ரிட்டயர் ஆகும்வரை ஓட்டியது பஸ். இதில் கிளட்ச் இல்லை, கியர் இல்லை. என் இடது கால் பாவம், நாள் முழுக்க எதையோ தேடுகிறது. பஸ்ஸைத் திருப்புகிற மாதிரி அகலமாகத் திருப்பி, எதிர்வீட்டு இராமலிங்கத்தின் கோலத்தைத் தாண்டி அவர் வாழை மரத்தில் போய் நின்றேன். அவர் ஓடி வந்து, "பஸ்ஸே பரவால்லீங்க, வாசல்ல நின்னுடும்" என்றார். முழங்கை அப்போது போனதுதான்.

போன பௌர்ணமியன்று, அடி அண்ணாமலையில் இருக்கும் நண்பர் வேடியப்பனிடம் வண்டியைக் காட்டப் போனேன். பேசிக்கொண்டே இருந்துவிட்டதில் கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டது. திரும்பும்போது போலீஸ்காரர் மறித்து, "பெருசு, ஆஃப் பண்ணிட்டுத் தள்ளிட்டுப் போ" என்றார். தள்ளினேன். குபேர லிங்கத்துக்கு முன்பே மூச்சு வாங்கியது. ஓர் அம்மாள் என் முகத்தைப் பார்த்து உருகிப்போய், வட்ட விளக்குக்கு விபூதி பூசி, ஹேண்டிலில் மல்லிகைச் சரம் சுற்றி, "வண்டிக்கா சாமி வேண்டுதல்?" என்று கேட்டார். "ஆமாம்மா, இது என்னை விட்டுட்டுப் போகணும்னு" என்றேன். பக்கத்தில் வந்தவர்கள் அதற்கும் அரோகரா போட்டார்கள்.

பூவும் விபூதியுமாக வீடு வந்து சேர்ந்தால், உங்கள் அத்தை மணியம்மாள் வாசலில் நிற்கிறாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஊர் சனத்தையெல்லாம் ஏத்திக்கினு போனீங்க. என்னை என்னிக்காவது கூட்டிக்கினு போயிருக்கீங்களா? இதுலயாவது ஏத்துவீங்கன்னு பாத்தேன்."

உண்மையைச் சொல்கிறேன் மாப்பிள்ளை. மலைப்பாதையில் பஸ் ஓட்டியபோது வராத பயம், இவளைப் பின்னால் வைத்து ஓட்ட நினைத்தால் வருகிறது. நான் விழலாம், ஆறிவிடும். அவளைப் போட்டுவிட்டால்? இதை அவளிடம் எப்படிச் சொல்வது? "கை பழகட்டும்டி, பழகட்டும்டி" என்று தள்ளிப்போடுகிறேன். அவளும் வண்டியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். அதைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து வண்டியை எடுத்துப் போய்விடுங்கள். உங்கள் நல்ல மனசுக்கு ஒரு குறையும் இல்லை. என் தைரியம்தான் கம்மி. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நிறைந்து வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
கோதண்டராமன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பியபோது, மணியம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் தானே, மெதுவா விடுங்க" என்றாள். இறக்கிவிட மனசு வரவில்லை. அண்ணாமலையாரைக் கூப்பிட்டுக்கொண்டே எடுத்தேன். கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும் கூப்பிடுவதை மறந்துவிட்டேன். போஸ்ட் ஆபீஸ் வந்ததும் என் தோளைத் தட்டி, "நிறுத்தாதீங்க, போங்க" என்றாள். போனோம். போளூர் ரோட்டில் வெகுதூரம் போய், கரும்புச் சாறு குடித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பினோம். கடிதம் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. நாளைக்குத்தான் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், வீடு பூட்டியிருக்கும். படவேடு அம்மன் கோயிலுக்குப் போகிறோம்.