நீள வண்டிக்காரர்

மனிதர்களில் பழைய ஐரோப்பிய ஸ்டேஷன் வேகன் வாங்குகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் ஒரு தெருவுக்கு ஒருவர் இருந்தால் போதும், தாராளமாகக் காணும். ஸ்டேஷன் வேகன் என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன்: சாதாரணக் காரின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து நீட்டி, கூரையையும் கூடவே கடைசிவரை கொண்டுபோய், வால்பக்கத்தில் மேல்நோக்கித் திறக்கிற கதவு ஒன்றை வைத்தால் வருவதுதான் அது. பார்ப்பவர்களில் சிலர் அதை ஆம்புலன்ஸ் என்பார்கள். சிலர் ஆம்புலன்ஸுக்கு அடுத்த கட்டத்தில் வருகிற வண்டியின் பெயரைச் சொல்வார்கள். இந்த இனத்தவர் இரண்டுக்கும் கோபப்பட மாட்டார்கள். சொன்னவரைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நேற்று ஷோரூமிலிருந்து வந்த புதுக் காரைக் காட்டினால் "டப்பா" என்பார். தன் வண்டியில் உங்களை ஏற்றிக்கொண்டால் உடனே கிளம்ப மாட்டார். "அந்தக் கதவை இன்னொரு தடவை சாத்துங்க" என்பார். சாத்துவீர்கள். "கேட்டீங்களா?" என்பார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, வேறென்ன கேட்கும்? "இப்ப வர்ற எந்த டப்பாவுலயும் இந்தச் சத்தம் வராது" என்று சொல்லிவிட்டு, சங்கீதம் கேட்ட மாதிரி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்புவார். வண்டி கிளம்புமா என்பது அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு பல் டாக்டரைச் சொல்லலாம்.

மற்ற விஷயங்களில் அவர் நிதானமான மனிதர். பிஸ்கட் பாக்கெட்டில்கூடக் காலாவதித் தேதி பார்த்துத்தான் பிரிப்பார். மனைவி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். டீச்சரின் அப்பா, ஓய்வு பெற்ற நீதிபதி, வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு, யாரும் கேட்காத தீர்ப்புகளை இன்னும் வழங்கிக்கொண்டிருந்தார். இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில், ஒரு நாள் டாக்டர் கிளினிக் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு நீள வண்டி கடந்து போனது. அவ்வளவுதான். காதலுக்கு இவ்வளவுகூட வேண்டாம் என்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவே போனில் வண்டிப் படங்கள். நோயாளி நாற்காலியில் இருக்கும்போது வண்டிப் பேச்சு. "பின்னாடி எவ்வளவு இடம் தெரியுமா?" என்பார். வாய் நிறையப் பஞ்சும் குழாயுமாக இருக்கிறவர் என்ன சொல்வார்? "ஆ" என்பார். டாக்டர் அதை ஆமோதிப்பாகவே எடுத்துக்கொண்டார். இப்படி ஊரில் பாதிப் பேர் அந்த வண்டியை ஆமோதித்திருந்தார்கள்.

வீட்டில் வாயைத் திறக்க முடிகிற ஒருவர் இருந்தார்.

"நாம ரெண்டு பேரு, அப்பா ஒருத்தர். நமக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய வண்டி?" என்றார் டீச்சர்.

"இடம் வேணும்ல."

"என்ன வைக்கறதுக்கு?"

"எதுக்காவது தேவைப்படும்."

நீதிபதி பத்திரிகையை மடித்தார். "மாப்பிள்ளை, தேவைன்னா முதல்ல தேவை வரணும், அப்புறம் பொருள் வரணும். நீங்க பொருளை வாங்கி வச்சுட்டுத் தேவைக்காகக் காத்திருக்கறேங்கறீங்க."

இந்த இனத்தவரிடம் தர்க்கம் செல்லாது. தர்க்கம் பேசுகிறவர்கள் டப்பாவில் போகிறவர்கள் என்பது அவர்களுடைய அபிப்பிராயம்.

வண்டியை விற்றவர் ஓய்வு பெற்ற விமானி. சாதாரணமாக வாங்குகிறவர்தான் கேள்வி கேட்பார். இந்தச் சந்தையில் விற்கிறவர் கேட்பார். எங்கே நிறுத்துவீர்கள், மேலே நிழல் உண்டா, இதற்கு முன் என்ன ஓட்டினீர்கள், வேகத்தடையில் எப்படி ஏற்றுவீர்கள் என்று பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி விசாரித்தார். டாக்டரும் கைகட்டி நின்று பதில் சொன்னார். "இது விக்கற வண்டியே இல்ல, டாக்டர். ஒரே கை ஓட்டினது. மனசே வரல" என்றார் விமானி. அவருடைய மனைவி யாரும் கேட்காமலே இரண்டாம் முறையும் டீ கொண்டுவந்து வைத்தார். பேச்சு முடிவதற்குள்ளேயே சாவியை எடுத்து வந்து டாக்டர் கையில் கொடுத்தார். வண்டி கேட்டைத் தாண்டும்போது அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை டாக்டர் கண்ணாடியில் பார்த்தார். பிரிவுத் துயரம் என்று நினைத்து, வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினார்.

பிறகு ஆரம்பித்தது குடித்தனம்.

வண்டி போர்ட்டிகோவில் அடங்கவில்லை. வால் கேட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேட்டைக் கழற்றி வைத்தார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. "சென்சார்" என்றார் டாக்டர். இரண்டாவதும் எரிந்தது. அதுவும் சென்சார். ஏ.சி.யிலிருந்து வெந்நீர் ஆவி மாதிரி காற்று வந்ததும், இடது கண்ணாடி இறங்கினால் ஏற மறுத்ததும், ஹார்ன் அடித்தால் வைப்பர் ஆடியதும் எல்லாமே சென்சார்தான். வண்டி நடுரோட்டில் நின்றபோது மட்டும், பின்னால் நின்றவர்களுக்கு முன் சென்சார் என்று சொல்ல முடியாமல், "கொஞ்சம் சூடாயிருக்கு, அவ்வளவுதான்" என்றார். மாமனாருக்கு மருந்து வாங்கிவரும்படி டீச்சர் சொன்ன ஒரு சாயங்காலம், மருந்தும் டாக்டரும் ஆட்டோவில் வந்தார்கள். வண்டி மறுநாள் கயிற்றில் வந்தது.

பின்னால் இருந்த அந்தப் பெரும் இடத்தில் என்ன வைத்தார் என்று கேட்கிறீர்களா? ஒரு தண்ணீர் கேன், இழுக்கிற கயிறு, ஒரு குடை. எல்லாமே வண்டிக்குத் தேவையானவை. குடை அவருக்கு.

டாக்டரை உண்மையில் கலங்கடித்தவர் மெக்கானிக். அவர் கெட்டவரல்ல. வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, துணியில் கையைத் துடைத்தபடி மெதுவாகச் சொல்வார்: "இப்போதைக்கு ஒண்ணும் பயமில்ல, டாக்டர். ஆனா விட்டா பக்கத்துல இருக்கறதும் கெட்டுடும்." இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று டாக்டருக்குத் தோன்றியது. வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் நினைவுக்கு வந்தது. அது அவர் தினமும் சொல்கிற வாக்கியம். அடுத்த முறை மெக்கானிக், "எடுத்துடறதா, அடைச்சு வச்சு ஓட்டறதா, நீங்கதான் சொல்லணும்" என்றபோது டாக்டர் தன்னையறியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டார். சாமான் கடல் தாண்டி வர வேண்டும். எப்போது கேட்டாலும் வந்துகொண்டே இருந்தது.

இதற்குள் டீச்சர் பஸ்ஸில் பள்ளிக்குப் போகப் பழகியிருந்தார். சண்டை போடவில்லை. ஒரு நாள் விடைத்தாள் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"வண்டியா நானான்னு நான் கேக்கப்போறதில்ல. பதில் தெரிஞ்சுட்டா அப்புறம் கூட இருக்கறது கஷ்டம். லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வித்துடுங்க."

டாக்டர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் விற்பனை விளம்பரம் கொடுத்தார். "மனசே வரல" என்று அதில் எழுதும்போது கண் கலங்கியது. விமானியும் இதையேதான் சொன்னார் என்பது அவருக்கு உறைக்கவில்லை. ஓர் ஆர்க்கிடெக்ட் போன் செய்து, சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அந்த வாரம்தான் நீதிபதி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நடந்தது. அவரை வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொன்ன நாளும் அதே சனிக்கிழமை. மனிதர் நல்ல உயரம். கால் மடங்கக்கூடாது, நிமிர்ந்து உட்காரக்கூடாது. டீச்சரின் தம்பி தன் புதுக் காரோடு வந்து நின்றான். சீட்டைச் சாய்த்துப் பார்த்தார்கள், குறுக்கே அளந்து பார்த்தார்கள். அப்பாவில் முக்கால் பாகம்தான் அதில் அடங்கும் என்று தெரிந்தது.

"ஆம்புலன்ஸ் சொல்லிடலாம்" என்றான் தம்பி.

"அதுல ஏத்தினா நான் வீட்டுக்கே வரல. இங்கயே இருந்துக்கறேன்" என்றார் நீதிபதி. "தெருவுல பாக்கறவன் பாதி முடிஞ்சுதுன்னு நினைப்பான்."

எல்லோரும் மெதுவாக, ஒவ்வொருவராக, டாக்டரைப் பார்த்தார்கள்.

இப்படி ஒரு பார்வைக்காகத்தான் அவர் இத்தனை நாள் வாழ்ந்துகொண்டிருந்தார். ஆனால் வந்தபோது, பையிலிருந்த சாவியை எடுக்கத் தயங்கினார். ஏனென்றால் வண்டியின் குணம் மற்ற எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்: ஓடுகிறவரை ஓடும். நின்றால் அணையும். அணைந்தால் ஆறும்வரை எழுந்திருக்காது. உச்சி வெயிலில், தையல் பிரிக்காத இடுப்போடு, உள்ளே படுத்திருப்பவரை நடுத்தெருவில் வேறு எந்த வண்டிக்கும் மாற்ற முடியாது.

பின் சீட்டை மடக்கி மெத்தை விரித்தார்கள். நீதிபதி தலை முதல் கால்வரை நேராக, அரசாங்க மரியாதையோடு, உள்ளே போனார். டீச்சர் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் சாவியைத் திருப்பினார். கிளம்பியது. டேஷ்போர்டில் விளக்குகள் திருவிழாப் பந்தல் மாதிரி எரிந்தன.

சிக்னல் இல்லாத சந்துகளாகவே யோசித்து வைத்திருந்தார். கடைசிச் சந்தில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். பிரதான சாலைக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது. ஊரின் மிக நீளமான சிக்னல் அங்கேதான். போய்ச் சேரவும் சிவப்பு விழுந்தது.

சூட்டைக் காட்டும் முள் ஏறியது. இன்ஜின் இருமியது. ஒரு காலால் பிரேக்கையும் இன்னொரு காலால் ஆக்சிலேட்டரையும் பிடித்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்ட, டாக்டர் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி தனக்குள் முதல் முறையாக உண்மையை ஒப்புக்கொண்டார். போதும். இந்த வண்டி வேண்டாம். சாவியைத் திருப்பினால் கிளம்புகிற ஒரு டப்பா வேண்டும். கதவு எந்தச் சத்தத்தோடு மூடினாலும் பரவாயில்லை, மூடாவிட்டாலும் பரவாயில்லை. இவரை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, சாயங்காலம் வருகிறவர் என்ன கேட்டாலும் தலையாட்டி உன்னை ஒப்படைத்துவிடுகிறேன்.

பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது. அணையவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். நீதிபதி தூங்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து ஒரு முனகலில்லாமல் அவர் கண்ணயர்ந்தது அதுதான் முதல் தடவை. எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. வேப்ப மர நிழலில், நான்கு கதவையும் திறந்து வைத்து, அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் அப்பாவின் நீட்டிய காலைப் பார்த்தார். அதற்கப்பாலும் மிச்சமிருந்த மெத்தையைப் பார்த்தார்.

"எவ்வளவு இடம் பாருங்க" என்றார் மெல்லிய குரலில்.

நீதிபதி கண்விழித்தார். "கிளம்பலாமே" என்றார்.

"வந்துட்டோம்ப்பா."

"எப்ப? ஆட்டமே தெரியலையே." கொஞ்சம் யோசித்தார். "நான் இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே படுத்திருக்கேன்."

ஆர்க்கிடெக்ட் சாயங்காலம் சொன்னபடி வந்தார். டாக்டர் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் டீச்சர் வாசலுக்குப் போயிருந்தார். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. டீச்சர் பொய் சொல்லத் தெரியாதவர், ஒவ்வொன்றாகச் சொன்னார். நின்றால் அணையும். கண்ணாடி ஏறாது. சாமான் கிடைக்காது. ஹார்ன் அடிக்காமல் இருப்பது நல்லது. ஒவ்வொன்றுக்கும் ஆர்க்கிடெக்ட்டின் முகம் மலர்ந்துகொண்டே போனது. "ஆமா, இந்த மாடல்ல அப்படித்தாங்க" என்றார் பக்தியோடு. குனிந்து அடியில் பார்த்தார். எழுந்து, தயங்கி, "இந்தக் கதவை ஒரு தடவை சாத்திப் பாக்கலாமா?" என்றார்.

டாக்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடுத்துவிடு தாயே, என்று மனம் அடித்துக்கொண்டது.

"மன்னிச்சுக்கங்க" என்றார் டீச்சர். "விக்கறதா இல்ல."

ஆர்க்கிடெக்ட் போன பிறகு டாக்டர் வெளியே வந்தார். "நாமதான் பேசி முடிவு பண்ணினோமே."

"பண்ணினோம். அப்ப எனக்கு அதோட அருமை தெரியல." டீச்சர் வண்டியின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "நீங்க எத்தனை தடவை சொன்னீங்க. நான்தான் காதுல போட்டுக்கல."

இப்போது சொல்லிவிடலாம். சிக்னலில் நடந்ததைச் சொல்லிவிடலாம். டாக்டர் வாயைத் திறந்தார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் கடைசியில். வேறு என்ன சொல்ல முடியும்?

இப்போது அந்த வண்டிக்கு அளவெடுத்து வெட்டிய மெத்தை இருக்கிறது. எந்தப் பரிசோதனைக்கும் நீதிபதி அதில்தான் போவார். பார்க்க வருகிறவர்களிடம், மாப்பிள்ளையின் தொலைநோக்கைப் பற்றித் தீர்ப்பு வாசிக்கிறார். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கழுவுகிறார். டாக்டர் கிளினிக் ஜன்னலில் நின்று, எதிர்க் கடைக்காரர் தன் சின்னக் காரில் ஏறி, சாவியைத் திருப்பி, யோசிக்காமல் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவரல்ல என்பது எனக்குத் தெரியும். வண்டி வாங்கும் எண்ணமே உங்களுக்கு இல்லை. சும்மா படித்தீர்கள், அவ்வளவுதான். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வண்டி என்ன நிறம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு நேரமும் உங்கள் கண்முன்னே ஓடிய வண்டிக்கு ஒரு நிறம் இருந்ததல்லவா? நல்ல நிறமாகத்தான் இருக்கும். யாரிடமும் சொல்லாதீர்கள். டாக்டரும் நிறத்தில்தான் ஆரம்பித்தார்.