நாலு வாத்தும் ஊர்க் குளமும்

நெமிலிச்சேரி வழி,
18-5-1938

பூந்தமல்லியில் துரை வீட்டுச் சமையல்காரராக இருக்கும் எத்திராஜ் மாமா சமூகத்துக்கு, அக்காள் மகன் வரதன் எழுதிக்கொண்டது.

நீங்கள் பொய் சொன்னீர்கள். நீங்கள் கொடுத்தனுப்பிய நாலு வாத்தில் ஒன்றுகூடச் சீமை வாத்து இல்லை.

இப்படித் தொடங்கக் கூடாது, முதலில் க்ஷேமம் எழுதுடா என்று அம்மா தலையில் குட்டுகிறாள். எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, நாலு வாத்து யாவரும் க்ஷேமம். உங்கள் க்ஷேமத்துக்கும் சாராள் அத்தை க்ஷேமத்துக்கும் எழுதவும். ஆயிற்று. நீங்கள் பொய் சொன்னீர்கள்.

பழைய துரை கப்பலேறியபோது விட்டுப்போன வாத்துகளை, அக்காள் தனியாக இருக்கிறாளே என்று கூடையில் வைத்துத் தலையில் சுமந்து நடந்தே கொண்டுவந்தீர்கள். அந்த அன்பை நான் மறுக்கவில்லை. கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம் அல்லவா? "இதுங்க சீமைலேந்து வந்ததுக்கா, தமிழ் தெரியாது, கம் கம்னு கூப்ட்டாத்தான் வரும்" என்று சேரி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டீர்கள். அம்மா "பா பா" என்றாள், வரவில்லை. "கம் கம்" என்றாள், நாலும் வரிசையாக வந்து நின்றன. அன்றிலிருந்து அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி வைத்ததைவிட வாத்துக்குத் தவிடு பிசைந்ததுதான் அதிகம்.

நம் பக்கத்துக் குட்டை சித்திரையிலேயே வற்றிப்போனது உங்களுக்குத் தெரியும். வாத்துகள் சேற்றைக் கிளறிப் பார்த்துவிட்டு, ஒருநாள் தாமாகவே ஊர்க் குளத்துக்கு நடந்துவிட்டன. நம் தெருவில் பிறந்த எவனும் கால் நனைக்கக் கூடாத குளம். அம்மா பின்னாலேயே ஓடிப்போய்க் கரைக்கு இந்தப் பக்கம் நின்று "கம் கம்" என்று கதறினாள். மிராசுதார் ஜானகிராமன் படியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். கொலை விழும் என்றுதான் நினைத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? "இங்கிலீஷ் தெரியுமா இதுங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, தாமும் "கம் கம்" என்றார். நாலும் நீந்திப்போய் அவர் காலடியில் நின்று தலையாட்டின. மனிதர் உருகிப்போனார். துரை வீட்டு வாத்து, தாராளமாக நீந்தட்டும் என்று உத்தரவு. நாம் கையேந்தி நின்றால் பத்தடி தள்ளிப்போய் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுகிற அதே மனிதர்!

மூன்று வாரம் இப்படி ஓடியது. போன திங்கட்கிழமை அவர் வீட்டுப் பசுவைப் பார்க்க மாட்டு டாக்டர் வந்தார். இது எந்த ரகம் என்று தெரிந்தால் நாமும் ஒரு ஜோடி வரவழைக்கலாம் என்று மிராசுதார் அவரைக் குளக்கரைக்கு அழைத்துவந்தார். ஊரே கூடியது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மற்ற வாத்து படகு மாதிரி இருக்கும், இது பாட்டிலை நிறுத்திவைத்த மாதிரி நிற்கிறது பாருங்கள், நடக்கவில்லை, ஓடுகிறது பாருங்கள்" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துப் படத்தைக் காட்டினார். அச்சு அசல் நம் வாத்து. கீழே பெயர் போட்டிருந்தது: இந்தியன் ரன்னர்.

"இந்தியனா?" என்றார் மிராசுதார். முகம் செத்துவிட்டது.

"ஆமாம் சார். இந்தப் பக்கத்திலிருந்து கப்பலில் போன ஜாதி என்று பெயர். வெள்ளைக்காரர்கள் அங்கே வளர்த்து..."

"அப்போ நாட்டு வாத்து. அதுவும் சேரி வாத்து. யோவ், ஓட்டுங்கய்யா வெளியே!"

அப்போது அம்மா பேசினாள், மாமா. மிராசுதார் முன்னால் அவள் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. "ஆண்டே, இங்கேர்ந்து சீமைக்குப் போய்ட்டு வந்துதுதானே? உங்க தம்பியும் பாரிஸ்டருக்குப் படிக்கச் சீமைக்குப் போய்ட்டுத்தானே வந்தாரு. அவரு தெனம் இதே கொளத்துலதானே குளிக்கிறாரு? அவரு இன்னா ரகம்னு பொஸ்தகத்துல பாத்தீங்களா?"

டாக்டர் இருமுவதுபோலச் சிரித்தார். மிராசுதாருக்கு அதுதான் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இவை சீமையில் பொரித்தவைதான் என்று துரை கையெழுத்தோடு கடுதாசி வர வேண்டும், வராவிட்டால் நாலும் குழம்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாளாக அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. வாத்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், மூக்கைச் சிந்துகிறாள்.

ஆகையால் மாமா, பொய்யைத் தொடங்கியவர் நீங்கள், முடித்தும் வையுங்கள். புதுத் துரையின் காலைப் பிடிப்பீர்களோ, அவர் காகிதத்தில் நீங்களே கிறுக்குவீர்களோ, கடுதாசி வெள்ளிக்குள் இங்கே வந்தாக வேண்டும். வாத்துக்கும் ஜாதிச் சீட்டு கேட்கிற ஊரில் பிறந்ததற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைக் கெஞ்சிக் கேட்கிறவனாக ஆனதற்கு இன்னும் வெட்கம்.

அத்தைக்கு அம்மா ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள். நீங்கள் வெயிலில் தலையில் துண்டு போடாமல் அலையக் கூடாதாம். நூறு வயது இருக்க வேண்டுமாம். நானும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரதன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். கடுதாசி வேண்டாம். இதைக் குளக்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மிராசுதாருக்கு வெள்ளிவரை பொறுக்கவில்லை. இன்று காலையே ஆட்களை விட்டுக் கல்லெறியச் சொன்னார். மிரண்டுபோன வாத்துகள் நட்டநடுக் குளத்தில் ஒட்டிக்கொண்டன, யார் கூப்பிட்டும் வரவில்லை. இறங்கிப் பிடிக்கச் சொன்னால் அவர் ஆட்கள் மாட்டோம் என்கிறார்கள். சேரி வாத்து என்று அவரே சொல்லிவிட்டாரே, தொட்டால் தீட்டு. நாங்கள் பிடிக்கலாம் என்றால் தண்ணீரைத் தொட வேண்டும், அதுவும் தீட்டு. ஊரே கரையில் நிற்கிறது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் படியில் போய் நின்றுவிட்டாள். இடுப்பில் காலிக் குடம். மிராசுதார் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள்:

"எறங்கட்டுமா வேணாமா ஆண்டே? உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க!"