குதிரைக்குப் பக்கத்தில் நிற்கும் குதிரைவீரர்

குதிரைவீரர்களில் இரண்டு இனம் உண்டு. குதிரைமேல் உட்காருகிறவர்கள் ஒன்று. குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் இன்னொன்று. முதல் இனத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? ஏறுவார்கள், போவார்கள், விழுவார்கள், மண்ணைத் தட்டிக்கொண்டு வீடு வந்து சேருவார்கள். நாம் பார்க்கப்போவது இரண்டாவது இனத்தை.

அந்த இனத்தில் ஒருவருடைய பெயரை பெனித்தா முதன்முதலாகக் கேட்டபோது, கரேத்தாவின் பின்னங்காலை மடியில் வைத்துக் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கரேத்தா என்பது நெற்றியிலிருந்து மூக்குவரை வெள்ளை விழுந்த கறுப்புப் பெண்குதிரை. தலைநகர் மத்ரீதில் வேலைக்குப் போயிருந்த அக்கா அம்பாரோ லாயத்து வாசலில் வந்து நின்றாள், முகமெல்லாம் சிவந்து.

"அவர் பேரு எவரிஸ்தோடி. குதிரைன்னா உயிரு. பொறந்ததே குதிரை மேலயாம்."

"அவங்கம்மா பாவம்" என்றாள் பெனித்தா.

கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து சனி ஞாயிறு வந்தால் எவரிஸ்தோவும் பெனித்தாவின் ஊரான வல்தெகார்தோஸுக்கு வந்துவிடுவார். மத்ரீதில் அவருக்கு மாடிக் கட்டடங்களில் லிப்ட் ஒழுங்காக ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிற வேலை. வாரம் முழுக்க ஏறி இறங்கின அலுப்புத் தீர, குதிரை, காற்று, ஒலிவமரம், ஓய்வு என்று சொல்லிக்கொண்டு வருவார். காரிலிருந்து முதலில் முழங்கால் உயரத் தோல்பூட்ஸ் இறங்கும், பிறகு அகல விளிம்புத் தொப்பி, பிறகு தோல் கையுறை, பிறகு சேணத்துக்குப் பூசுகிற மெழுகு, கடைசியில்தான் அம்பாரோ.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். பூட்ஸில் சாணி இருக்காது. குதிரையின் பல்லைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், அதன் தாய் யார், தாய்க்குத் தாய் யார் என்று விசாரிப்பார், கை எட்டுகிற தூரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டு "அருமையான முதுகு" என்பார். அந்த முதுகில் மட்டும் ஏற மாட்டார். ஏன் ஏற மாட்டார்? வடக்கிலிருந்து காற்று வருகிறது. காதை ஆட்டுகிறது பாருங்கள், குதிரைக்கு இன்றைக்கு மனது சரியில்லை. காலையில் ரொட்டித் துண்டுகளைப் பூண்டும் பன்றிக்கொழுப்பும் போட்டு வறுத்து ஒரு சட்டி தின்றாயிற்று, இந்த வயிற்றோடு ஏறினால் குதிரைக்குத்தான் கஷ்டம். சாப்பாட்டுக்குப் பிறகா? அது தூங்குகிற நேரம். தூங்கி எழுந்த பிறகா? வெயில் சாய்ந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம். சாக்கெல்லாம் தீர்ந்துபோனால் கடைசியாக ஒரு வார்த்தை வைத்திருந்தார்.

"நான் ஓய்வுக்கு வந்தவன். ஓய்வை அவசரப்படுத்தக் கூடாது."

அப்பா காலமான பிறகு பெனித்தாவும் அண்ணன் தாமியானும் அந்தப் பழைய வீட்டில் அறை வாடகைக்கு விட்டு, நகரத்திலிருந்து வருகிறவர்களைக் குதிரையில் காட்டுக்குள் அழைத்துப் போய்ப் பிழைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் எவரிஸ்தோவைத்தான் முதலாளி என்று நினைத்தார்கள். வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "முதுகு நிமிரட்டும்! குதிகால் கீழே! பயத்தைக் குதிரை மோந்துடும்!" என்று அவர் கத்துவதைக் கேட்டால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

இப்படியே போயிருக்கும், தாமியான் ஒலிவமரத்தில் கிளை வெட்டப் போய்க் கீழே விழாமல் இருந்திருந்தால். வலது கால் முறிந்தது. அடுத்த ஞாயிறு மலைமாதா திருவிழா.

மாதாவை மாட்டுவண்டியில் வைத்து மலைக்கோயிலுக்குக் கொண்டுபோகும்போது, பின்னால் வீட்டுக்கு ஒரு குதிரை வரவேண்டும். குதிரையில் முன்னால் ஆண், பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்த பெண். வராத வீடு வரிசையின் கடைசிக்குப் போகும், அங்கிருந்து மேலே வரப் பேரன் காலம் ஆகும். பெனித்தா வீட்டுக்கு மூன்றாவது இடம். அவள் கொள்ளுத்தாத்தா, சம்ப்ரானோ என்கிற குடும்பத்தில் பெண்ணெடுத்தவர், வெள்ளத்தில் மாதா வண்டியை இழுத்துக் கரை சேர்த்ததற்காகக் கிடைத்த இடம். அவர் பெண்ணெடுத்த அந்த சம்ப்ரானோ வீடு அன்றிலிருந்து நான்காவதாக நின்று மூன்றாவதின் புழுதியைத் தின்கிறது. சொந்தக்காரர்கள் தின்ற புழுதி எத்தனை தலைமுறையானாலும் செரிக்காது அல்லவா? பெனித்தாவே முன்னால் உட்கார்ந்து ஓட்டினால் என்ன என்கிறீர்களா? அந்த வழக்கத்தை மாற்றச் சொல்லி மாதாவே இறங்கி வந்து கேட்டாலும், விழாக்குழு கூட்டம் போட்டுத்தான் பதில் சொல்லும்.

சனிக்கிழமை சம்ப்ரானோ வீட்டு கசில்தா வேலிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி பெனித்தா, உங்க வீட்டுக் குதிரை இந்த வருஷம் ஓய்வாமே? எங்க பின்னாடி புழுதி ஜாஸ்தி. முக்காடு எடுத்து வச்சுக்கோ."

"உங்க வீட்ல பழைய முக்காடு நெறைய கெடக்குமே, ஒண்ணு குடு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள் பெனித்தா.

அடுப்படியில் எல்லாரும் எவரிஸ்தோவைப் பார்த்தார்கள். எவரிஸ்தோ ஜன்னலைப் பார்த்தார்.

"காத்து..." என்றார்.

"இலை அசையல மாப்பிள்ளை" என்றார் காலை நாற்காலிமேல் நீட்டியிருந்த தாமியான்.

"கரேத்தாவுக்கு மனசு..."

"காலையில உங்க தொப்பியில இருந்தே ரொட்டி தின்னுச்சு அத்தான்" என்றாள் பெனித்தா.

"ஏங்க, நீங்கதான் பொறந்ததே குதிரை மேலன்னு சொன்னீங்களே?" என்றாள் அம்பாரோ.

"பொறந்தேன். அப்புறம் இறங்கிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பெனித்தா அதைப் பார்த்தாள்.

ஞாயிறு காலை லாயத்தில் அவளுக்கு முன்பே அவர் நின்றுகொண்டிருந்தார். பூட்ஸ் பளபளத்தது. முகம் மாவு மாதிரி இருந்தது.

"பெனித்தா, இதுல எந்தப் பக்கம் ஏறணும்?"

அவள் சேணத்தின் வாரை இழுத்துக் கட்டினாள். பிறகு, "இடது பக்கம் அத்தான்" என்றாள்.

"உங்கப்பா என்னை மொதல்ல பாத்தப்போ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. குதிரை தெரியுமான்னு. தெரியாதுன்னா அம்பாரோவைக் குடுத்திருப்பாரா? தெரியும்னேன். அன்னைக்கு ஏறினவன்தான், இன்னும் எறங்க வழி தெரியல."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிடாத."

திட்டவேண்டும் போலத்தான் இருந்தது பெனித்தாவுக்கு. ஆனால் வெளியே மணி அடித்துவிட்டது, கசில்தா வீட்டுக் குதிரை கழுத்துமணி குலுங்கத் தெருவில் இறங்கிவிட்டது. அம்மாவின் பெரிய சால்வையை எடுத்தாள், விளிம்பெல்லாம் நீளநீளக் குஞ்சம் வைத்தது.

"ஏறுங்க. கடிவாளத்தைப் புடிச்ச மாதிரி கையை வச்சுக்கோங்க. புடிக்காதீங்க. தொப்பியைத் தூக்கி எல்லாருக்கும் வணக்கம் சொல்றது மட்டும் உங்க வேலை."

வருஷாவருஷம் தாமியானுக்குப் பின்னால் உட்காருகிற அவள், இப்போதும் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, வழக்கப்படி அவர் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டாள். சால்வை அந்தக் கையின்மேல் விழுந்து அவர் மடிவரை மூடியது. குஞ்சத்துக்கு அடியில் கடிவாளம் அவள் விரலில்.

அந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள், அப்படி ஒரு கம்பீரத்தைப் பார்த்ததில்லை என்று. தொப்பி உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது. மார்பு நிமிர்ந்திருந்தது. பயத்தில் மூச்சு விடாமலிருந்தால் எந்த மார்பும் நிமிரத்தான் செய்யும்.

ஓடைக்கு வந்தார்கள். மாதா வண்டி கடந்தது, முதல் இரண்டு குதிரைகள் கடந்தன. கரேத்தா நடுத் தண்ணீரில் நின்று தலையைக் குனிந்து குடிக்க ஆரம்பித்தது. முன்னால் திடீரென்று கழுத்தைக் காணோம். எவரிஸ்தோ கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்ன, வண்டி நின்னுடுச்சா? வழி விடுங்க!" என்று பின்னாலிருந்து கசில்தா கத்தினாள்.

"சத்தம் போடாதடி, அவர் மாதாவை வேண்டிக்கிட்டிருக்காரு. உனக்கு அந்த பக்தி இருக்கா?" என்று திரும்பாமலே சொன்னாள் பெனித்தா. குதிகாலால் கரேத்தாவின் விலாவை ஒரு தட்டு, நாக்கால் ஒரு சொடுக்கு. குதிரை தலையைத் தூக்கிக் கரையேறிற்று. கரையில் நின்ற கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது இடம் மூன்றாவது இடமாகவே கோயில் சேர்ந்தது.

இறங்கிய பிறகு எவரிஸ்தோவின் கால்கள் சேர மாட்டேன் என்றன. புல்லில் உட்காரவைத்து அம்பாரோ ஒரு கோப்பை ஒயின் கொடுத்தாள். முதல் கோப்பையை ஒரே மூச்சில் குடித்தார். இரண்டாவது கோப்பையில் சொன்னார்:

"தண்ணியில நிக்கிறப்போ கண்ணை மூடிக்கணும். அப்பதான் குதிரைக்கு நம்ம மேல நம்பிக்கை வரும்."

மூன்றாவது கோப்பையில் விழாக்குழுத் தலைவர் வந்து தோளைத் தட்டினார். அடுத்த வருஷம் எல்லாருக்கும் முன்னால் கொடி பிடித்துப் போக ஆள் வேண்டும், இப்படிப்பட்டவர்தான் வேண்டும் என்றார். கொடி பிடிக்கிறவர் தனியாகத்தான் போவார். பின்னால் பெண் கிடையாது, சால்வை கிடையாது. பெனித்தா அவர் தொடையைக் கிள்ளுவதற்குள் எவரிஸ்தோ சொல்லிவிட்டார்:

"அதுக்கென்ன? சின்ன வயசுல எத்தனை கொடி புடிச்சவன்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்று யாரோ ஏதோ ஒன்றைக் காட்டி "இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டபோது, கேள்வி முடிவதற்குள் தலை ஆடிற்றே, அது யாருடைய தலை? அப்படி ஆட்டிவிட்டு இத்தனை நாள் விழாமல் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்றால், ஒருதரம் குனிந்து, உங்கள் இடுப்பைச் சுற்றியிருப்பது யாருடைய கை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எவரிஸ்தோ இப்போது சனிக்கிழமைதோறும் ஊர் எழுவதற்கு முன், லாயத்துக்குப் பின்னால் கரேத்தாவின் முதுகில் வட்டமடித்துக்கொண்டிருக்கிறார். குதிரையைக் கட்டிய நீளக் கயிற்றின் மறுமுனை பெனித்தாவின் கையில் இருக்கிறது.