மூசி ஆற்றங்கரையில் எனக்கொரு வீடு

மார்கழியில் வேலை ஓய்வு. ஓய்ந்த கையோடு சுவிற்சர்லாந்தை விட்டுவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். தீர்மானம் என்னுடையது. கையெழுத்து மட்டும் மனைவியுடையது.

இந்த நாட்டில் அப்படி ஒரு சட்டம். முப்பத்தொரு வருடம் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் வெங்காயம் வெட்டி, கண்ணீர் விட்டுச் சேர்த்த பென்ஷன் பணம். அதை மொத்தமாக எடுக்க வேண்டுமானால் மனைவி ஒப்புதல் தர வேண்டும். வெங்காயம் வெட்டும்போது எவரும் அவளிடம் ஒப்புதல் கேட்கவில்லை.

போக நினைத்த ஊர் யாழ்ப்பாணம் என்று நினைப்பீர்கள். இல்லை. இந்தோனேசியாவில் பலெம்பாங். நடுவே மூசி என்று பெரிய ஆறு. எங்கள் ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுப் பகுதியில் நிற்கும் ரினிக்கு அதுதான் ஊர். ஆற்றுக்குக் கிட்டத்தில், குடியிருப்புப் பகுதியில், அவளுடைய தமையன் மாடி வீடு ஒன்றைப் போனில் காட்டினான். வாசலில் மாமரம். தெருமுனையில் காவலாளி. வெளிநாட்டவர் பெயரில் நிலத்தைச் சொந்தமாக எழுத மாட்டார்களாம், முப்பது வருடக் குத்தகை. எனக்கு அறுபத்தைந்து வயது. முப்பது வருடத்தை வைத்து நான் என்ன செய்வது என்று யோசித்தேன், மிச்சத்தை வாடகைக்கு விடலாம் என்று தோன்றியது. மாடியை வாடகைக்கு விட்டால் கீழே இருந்து சாப்பிடலாம். முதலீடு என்றால் இதுதான்.

அன்றே மனைவி சிவமலரிடம் சொன்னேன்.

"மலர், ஒரு விசயம் கதைக்க வேணும்."

"கோப்பையளைக் கழுவிக்கொண்டு கதையுங்கோ."

கழுவினேன். கதைத்தேன்.

"இந்தோனேசியாவோ? அங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ரினியின்ரை தமையன் இருக்கிறார்."

"ஆரப்பா ரினி?"

இந்த இடத்தில் அரை மணித்தியாலம் வீணாகியது. ரினிக்கு ஐம்பத்தெட்டு வயது என்றும், இரண்டு பேரப்பிள்ளைகள் என்றும் நிறுவிய பிறகுதான் மீண்டும் ஆற்றங்கரைக்கு வர முடிந்தது.

"சூடான ஊர். உம்மடை முழங்கால் நோ மாறும். மீனும் மாவும் குழைச்சு பெம்பெக் எண்டு ஒண்டு பொரிக்கினம். நீர் விரும்பிச் சாப்பிடுவீர்."

அவள் கையைத் துடைத்தாள்.

"அது சரி. ஞாயிற்றுக்கிழமையிலை பிள்ளையிட்டை ஆர் போறது?"

நான் கழுவிய கோப்பையையே இன்னொரு தரம் கழுவினேன்.

எங்கள் மகன் ஆரணனுக்கு அப்போது நாலு வயது. காய்ச்சல் என்று படுத்தான். மூன்றாம் நாள் இல்லை. எங்களில் சின்னப்பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்போம். டீட்டிகோன் இடுகாட்டில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் மூன்று தரிப்பு. அன்றைக்கு நான் ஒரு பிடி மண் போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் படலையைத் தாண்டி உள்ளே போனதில்லை. இருபத்தைந்து வருடம். ஒவ்வொரு ஞாயிறும் சிவமலரைக் காரில் கொண்டுபோய் இறக்குவேன். அவள் பூவோடு உள்ளே போவாள். நான் கார் தரிப்பிடத்தில் இருப்பேன். முந்தி ரேடியோ கேட்டேன். இப்போது போனில் பலெம்பாங் வீடுகளைப் பார்க்கிறேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு வீடு பெரிதில்லை. அந்தக் கார் தரிப்பிடம் இல்லாத ஊர் ஒன்று வேண்டும். அவளும் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சும்மா படுத்துக் கிடக்க வேண்டும்.

புரட்டாதியில் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. சிவமலர் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள். என் ஜெர்மன் குசினி ஜெர்மன். உப்பு, கத்தி, கெதியாய், இன்னும் கெதியாய். அதனால் போனிடம் காட்டி வாசித்தேன். குழந்தைகள் பகுதியில் பழைய கல்லறைகளுக்குத் தவணை முடிகிறது. வருகிற வசந்தத்தில் அகற்றிப் புல் போடுவார்கள். கல்லும் செடியும் வேண்டுமானால் எடுத்துச் செல்லலாம்.

இங்கே கல்லறைக்கும் தவணை உண்டு என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் நாலு வயதுக்காரனை எழும்பு என்கிறார்களே. கதிரையில் இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு நினைப்பு வந்தது. அந்த இடமே இல்லாமல் போனால், அவளை இங்கே பிடித்து வைக்க என்ன இருக்கிறது? இதைவிடக் கேவலமாக நான் வாழ்க்கையில் எதையும் நினைத்ததில்லை. நினைத்ததோடு விட்டேனா? கடிதத்தை மடித்து, லுசேர்ணுக்குக் கொண்டுபோய், வேலை அலுமாரியில் ஏப்ரன்களுக்குக் கீழே ஒளித்தேன். வசந்தம் வரும். புல் வரும். அவள் அழுவாள். நான் விமானச் சீட்டோடு பக்கத்தில் நிற்பேன். இதுதான் திட்டம். இரண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சமையல்காரனுக்கே சோறு இறங்கவில்லை என்றால் பாருங்கள்.

பென்ஷன்காரர் கேட்ட திகதி நெருங்கியது. கார்த்திகையில் ஒரு ஞாயிறு, அவள் உள்ளிருந்து வந்து காரில் ஏறியதும் படிவத்தை நீட்டினேன். அழுத முகம். அந்த நேரம் பார்த்து நீட்டினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"மலர், கோவிக்காதையும். இதிலை ஒரு கையெழுத்து…"

"பேனை?"

கொடுத்தேன். டாஷ்போர்ட்டில் வைத்து, கையெழுத்துப் போட்டு, திகதியும் எழுதி, மூடியையும் மூடித் தந்தாள். எனக்கு வேர்த்தது.

"நீர் வாசிக்கேல்லையே?"

"வாசிக்க என்ன கிடக்கு? பலெம்பாங்தானே."

"வருவீரோ?"

"குளிருக்கை சினோ கொட்டுற நாலு மாசம் வருவன். மற்ற எட்டு மாசம் இஞ்சை."

வெற்றி! மூன்றில் ஒரு பங்கு வெற்றி. ஆனால் படிவத்தை மடித்துப் பைக்குள் வைக்கும்போதே ஒரு கேள்வி. வசந்தத்துக்குப் பிறகு எட்டு மாதமும் இவள் எங்கே போய் நிற்பாள்?

"மலர், ஒரு கடிதம் வந்தது. நான் ஒளிச்சுப்போட்டன்."

"தெரியும்."

"என்னெண்டு தெரியும்? அது லுசேர்ணிலை கிடக்கு!"

"கடிதம் லுசேர்ணிலை கிடக்கட்டும். உள்ளுக்கை பலகையிலை பெரிசா எழுதி நட்டிருக்கினம். வைகாசியிலையே நட்டிட்டினம், வீட்டுக்குக் கடிதம் வருமெண்டும் அதிலை கிடக்கு. வாறவைக்குத் தெரியும்."

வராதவன் நான்.

"நீங்கள் எப்ப சொல்லுவியள், எப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றாள். "கடிதம் வந்த அண்டைக்கே சொல்லியிருந்தால் அண்டைக்கே உங்கடை பேப்பரிலை கையெழுத்துப் போட்டிருப்பன். நான் எல்லாம் ஒழுங்குபடுத்திப்போட்டன். இறங்குங்கோ."

"எங்கை?"

"இறங்குங்கோ எண்டுறன்."

இறங்கினேன். படலையில் கால் நின்றுவிட்டது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

முதலில் பிள்ளையிடம் கூட்டிப் போனாள். கல் என் முழங்காலளவு. இத்தனை வருடத்தில் வளர்ந்திருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன். அப்படியே இருந்தது. பெயரைத் துடைத்தேன். துடைக்க அங்கே ஒரு தூசியும் இல்லை, அவள் இப்போதுதான் கழுவியிருந்தாள். அழுதேன். அவள் தடுக்கவில்லை.

பிறகு சுவரோரமாக ஒரு புல்தரைக்கு நடந்தாள்.

"இதுதான். குடும்ப இடம். ஆரணனை இஞ்சை மாத்தித் தருவினம். எங்கடை சாம்பலையும் பிறகு இதிலை வைக்கலாம். மூண்டு பேருக்கும் காணும்."

"என்னைக் கேக்காமலோ?"

"கேட்டனானே. ஆவணியிலை கையெழுத்துப் போட்டனீங்கள்."

போட்டிருப்பேன். ஜெர்மன் கடிதங்களில் அவள் பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில், வாசிக்காமல் கையெழுத்துப் போட்டே குடும்பம் நடத்தியவன் நான். அன்றைக்கு மூன்று தந்தாளாம். ஒன்று காப்புறுதி, ஒன்று கரண்ட், ஒன்று என் கல்லறை. மூன்றாவதுக்குப் பிறகு தேத்தண்ணி குடித்தது ஞாபகம் இருக்கிறது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, வீடு பார்க்க வந்தவன் மாதிரிச் சுற்றிப் பார்த்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஆறு?"

"லிம்மாத் நடை தூரம்."

"அயல் எப்பிடி?"

"நல்ல அமைதியான ஆக்கள்."

"குத்தகை?"

"அங்கை முப்பது வருசம் எண்டியள். இது நாப்பது."

"சின்ன இடமாக் கிடக்கே, மலர்."

"உங்களை மாடியிலை வாடகைக்கோ விடப்போறன்? இஞ்சை பாருங்கோ. நடுவிலை பிள்ளை. இந்தப் பக்கம் நான். அந்தச் சுவர்க்கரை நீங்கள்."

"உமக்குப் பக்கத்திலை இல்லையோ?"

"முப்பது வருசமா உங்கடை குறட்டையைக் கேட்டது காணும்."

"அப்ப பிள்ளைக்குக் கேக்காதோ?"

சிவமலர் என் கோட்டில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

"அவன் இருபத்தைஞ்சு வருசமா அப்பாவின்ரை சத்தம் கேக்கேல்லை. கேக்கட்டும்."